ஓட்டைக்கு ஒரு பெருமை

"சத்தம்தான் சார் இந்த வண்டிக்கே அழகு!"

இந்த வாக்கியத்தைச் சென்ற ஓராண்டில் இருபது பேர் வாயிலிருந்தாவது கேட்டிருப்பேன். சொன்னவர்களில் ஒருவர்கூட முரடர் அல்ல. எல்லோரும் படித்தவர்கள். கச்சேரியில் பக்கத்து நாற்காலிக்காரர் இருமினால் திரும்பிப் பார்த்து முறைக்கிறவர்கள். வீட்டில் குழந்தை தூங்கினால் நுனிக்காலில் நடக்கிறவர்கள். ஆனால் பழைய மோட்டார் வண்டி ஒன்றின் முன்னால் நின்றதும் இவர்களுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. தெருவே அதிரும்படி அது உறுமினால் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறார்கள்.

இவர்களோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். சண்டைக்கு எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்பீர்களானால், உண்டு. நானும் அப்படித் தலையாட்டியவன்.

வண்டி என்றதும் பந்தயக் கார் என்று எண்ணிவிட வேண்டாம். இது நடமாடும் வீடு. 'கேரவன்' என்றால் நம் ஊரில் சினிமா நட்சத்திரங்கள் இரண்டு காட்சிகளுக்கு நடுவில் குளிர்ந்த காற்றில் இளைப்பாறும் வாகனம் என்றுதான் பலருக்கும் நினைப்பு. என் பள்ளித் தோழன் ஒருவன் வைத்திருப்பது அந்தக் குடும்பத்தில் ஏழைப் பங்காளி. 1971-ல் செய்த பெட்ரோல் வேன். பழைய இரும்புக்குப் போக இருந்ததை வாங்கி, இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, தண்ணீர் டிரம், ஜன்னலுக்குத் திரை என்று வைத்து வீடாக்கியிருக்கிறான். வர்ணத்துக்கும் திரைக்கும் மட்டும் நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் செலவழித்தான். சைலன்சருக்கு ஒரு காசு செலவழிக்கவில்லை. அது ஒரு பக்கம் துருப்பிடித்து, உள்ளங்கை அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

வண்டியைக் கிளப்பினால் பக்கத்துத் தெருவில் நெல் மிஷின் ஓடுவதுபோல் இருக்கும். மதில்மேல் இருக்கும் காக்கைகள் பறந்துவிடும். தெரு நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும். தோழன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "கேட்டியாடா? இந்தக் காலத்து வண்டியிலே இந்தக் குரல் வருமா?" என்பான். வராது என்று நானும் சொன்னேன். எழுத்தாளன் அல்லவா? அந்தச் சத்தத்தில் ஒரு பழைய காலத்தையே கேட்பதாகக் கற்பனை செய்துகொண்டேன்.

சென்ற ஆனி மாதம் குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டு, மூன்று பேராக அந்த வண்டியில் புறப்பட்டோம். ராஜபாளையம் தாண்டி வாசுதேவநல்லூரை நெருங்கும்போது இரவு ஒரு மணி இருக்கும். மூவருக்குமே தலைவலி. கண்ணை இழுத்துக்கொண்டு போயிற்று. இனிமேல் ஓட்ட முடியாது என்று, சாலையிலிருந்து பிரிந்த ஒரு தெருவில் வண்டியைத் திருப்பி, வேப்ப மரம் ஒன்றின் கீழ் நிறுத்தினோம். எஞ்சினை அணைத்த பிறகும் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் இறங்கி வந்தாள். திட்டப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. கையெடுத்துக் கும்பிடுவதுபோல் நின்றுகொண்டு, மிகவும் தாழ்ந்த குரலில், "தம்பி, வண்டியக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நிறுத்துவியளா? ரெண்டு நாளா அவுக கண்ண மூடல. இப்பதான் அசந்தாவ. சத்தத்துல முழிச்சிட்டாவ. மறுபடியும் தூங்கணும்" என்றாள்.

அவளுடைய கணவருக்கு என்ன வியாதி என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. தோழன் பதறிப்போய்ச் சாவியைப் போடப் போனான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டியைத் தள்ளி நிறுத்த வேண்டும் என்றால் கிளப்ப வேண்டும். கிளப்பினால் அந்த மனிதருடைய தூக்கம் போயிற்று.

கடைசியில் நாங்கள் மூவரும், அந்த அம்மாளின் மகனும் சேர்ந்து, அந்த நடமாடும் வீட்டைக் கையால் தள்ளிக்கொண்டு போனோம். தெருக்கோடி வரையில் தள்ளினோம். மூச்சு வாங்கியதே தவிர ஒருவரும் வாய் திறக்கவில்லை. எஞ்சின் வைத்த ஒரு வாகனம், ஒரு நோயாளி தூங்க வேண்டும் என்பதற்காக, எஞ்சினே இல்லாத கட்டை வண்டியைப்போல் தள்ளப்பட்டு நகர்ந்தது. அந்தத் தெருவில் நடந்தபோது என் மனத்தில் ஏறிய வெட்கம் இன்னும் இறங்கவில்லை.

மறுநாள் தோழனிடம் சைலன்சரை மாற்றிவிடு என்றேன். அப்போது அவன் சொன்ன சமாதானங்களைத்தான், பிறகு அந்த இருபது பேரும் எனக்குச் சொன்னார்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் சமாதானம்: "இது வின்டேஜ் வண்டி. இதன் ஒரிஜினல் சத்தத்தை மாற்றக் கூடாது."

இதைவிடப் பெரிய பொய்யை நான் கேட்டதில்லை. 1971-ல் அந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது அதன் அடியில் முழு சைலன்சர் இருந்தது. ஓட்டை இல்லாமல் இருந்தது. அன்றைக்கு அதை வாங்கியவர் இந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் அங்கேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போயிருப்பார். மோட்டார் யுகத்தின் விடியற்காலையிலேயே, அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் எஞ்சின் சத்தத்தை அடக்கும் கருவிக்கு 1897-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார்கள். ஆகவே வண்டியின் ஒரிஜினல் குணம் அடக்கம்தான். நீங்கள் பாரம்பரியம் என்று கொண்டாடுவது துரு. பாட்டியின் குரல் இனிமையாக இருந்தது என்பதற்காக, வயதான பிறகு அவளுக்கு வந்த இருமலை யாராவது சங்கீதம் என்பார்களா?

மேலும், வின்டேஜ் என்று வாய் கூசாமல் சொல்கிறோமே, 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி அந்தப் பெயருக்கு ஐம்பது வயது நிரம்பினால் மட்டும் போதாது. சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவிலேயே பேணியிருக்க வேண்டும். என் தோழன் இருக்கைகளைப் பிடுங்கிப் படுக்கை போட்டான். கூரையில் துளை போட்டு மின்விசிறி வைத்தான். தரையில் துளை போட்டுத் தண்ணீர்க் குழாய் விட்டான். இத்தனையையும் மாற்றிய மகானுபாவன், ஓட்டை ஒன்றை மட்டும் புராதனச் சின்னம்போல் பாதுகாத்தான்!

இரண்டாவது சமாதானம்: "சைலன்சரை அடக்கமாகப் போட்டால் எஞ்சினுக்கு இழுவை குறையும்."

கேட்பதற்கு விஞ்ஞானம்போல் இருக்கிறது. விஞ்ஞானத்தையே பார்த்துவிடலாம். எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் பெட்ரோல் எரிந்து முடிந்ததும் வால்வு திறக்கிறது. உள்ளே அடைபட்டிருந்த சூடான வாயு குழாய்க்குள் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் அடிதான் சத்தம். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 2,400 சுற்று சுற்றினால், ஒரு வினாடியில் எண்பது அடிகள். இந்த எண்பது அடியையும் சைலன்சர் வாங்கிக்கொள்கிறது. அதன் உள்ளே சின்னச் சின்ன அறைகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கின்றன. ஓர் அலை சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த அலையைச் சந்திக்கிறது. ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் அடங்குகின்றன. சிலவற்றில் கண்ணாடிப் பஞ்சு வைத்திருப்பார்கள். அது சத்தத்தை விழுங்கி வெப்பமாக்கிவிடுகிறது. வாயு வெளியே போகத் தடையில்லை. சத்தத்துக்குத்தான் தடை. எஞ்சினின் அளவுக்குப் பொருந்தாத ஒடுக்கமான சைலன்சரைப் போட்டால் இழுவை குறையும் என்பது வாஸ்தவம். பொருத்தமானதைப் போட்டால், குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவனுக்குத் தெரியும்படி ஒன்றும் குறையாது. உலகத்தில் பல பந்தய மைதானங்களிலேயே இத்தனை டெசிபலுக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. பந்தய வீரர்களுக்கு வேண்டாத சத்தம், மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் ஊர்கிற நடமாடும் வீட்டுக்கு எதற்கு?

மூன்றாவது சமாதானம் கொஞ்சம் சாமர்த்தியமானது. "ஊரில் எது சத்தம் போடவில்லை? கல்யாண மேளம், கோயில் ஒலிபெருக்கி, அரசியல் கூட்டம், தீபாவளி வெடி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு என் வண்டிதானா உன் கண்ணில் பட்டது?"

ஒலிபெருக்கிகளுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அவற்றுக்கும் ஒரு நாள் கணக்குத் தீர்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நாதஸ்வரத்தின் வேலை ஒலிப்பது. அதன் வாயை அடைத்தால் அது நாதஸ்வரமே அல்ல. எஞ்சினின் வேலை வண்டியை நகர்த்துவது. சத்தம் அதன் வேலையில் சேர்ந்தது அல்ல. வேலை செய்யும்போது மிஞ்சும் கழிவு. புகையைப்போல, பழைய ஆயிலைப்போல அதுவும் ஒரு கழிவு. அடுப்புச் சாம்பலை அள்ளி எதிர் வீட்டுத் திண்ணையில் கொட்ட நமக்கு மனம் வருமா? இதை மட்டும் கொட்டுகிறோம். காரணம், இது கண்ணுக்குத் தெரிவதில்லை. கொட்டியவன் அடுத்த நிமிஷமே அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறான். மேளக்காரரிடம் போய் நோயாளி இருக்கிறார் என்று சொல்லலாம். ஓடுகிற வண்டியிடம் யார் போய்ச் சொல்வது?

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது. டிராக்டருக்கும் விலக்கில்லை. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி நூறு மீட்டர் வரை அமைதி மண்டலமாகலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. பத்து ஏறினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். இத்தனை கணக்கும் காகிதத்தில் இருக்கிறது. சில நகரங்களில் போலீசார், மோட்டார் சைக்கிள்களிலிருந்து கழற்றிய சைலன்சர்களை ரோட்டில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் தோழனைப்போன்ற கௌரவமான மனிதர்களை எந்த ரோலரும் நெருங்குவதில்லை. இருபது வயதுப் பையன் சைலன்சரைக் கழற்றினால் ரவுடித்தனம். ஐம்பது வயது வண்டியில் ஓட்டை விழுந்தால் கலாரசனை!

நியூயார்க்கில் ஜூலியா பார்னெட் ரைஸ் என்று ஒரு பெண்மணி இருந்தார். வைத்தியம் படித்தவர். ஹட்சன் நதிக்கரையில் வீடு. நதியில் போகும் இழுவைப் படகுகள் இரவெல்லாம் காரணமில்லாமல் ஊதிக்கொண்டே இருந்தன. அவர் மாணவர்களை அமர்த்தி ஓர் இரவில் எத்தனை தடவை ஊதுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார். கரையோரத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் படும் பாட்டைக் கேட்டு எழுதி வைத்தார். 1906-ல் அவசியமில்லாத சத்தத்தை அடக்குவதற்கென்றே ஒரு சங்கத்தை நிறுவினார். கவனியுங்கள்: அவர் படகு ஓடக் கூடாது என்று சொல்லவில்லை. அவசியமில்லாததை நிறுத்துங்கள் என்றுதான் சொன்னார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இதுவரையில் சொன்னது வண்டிக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி. உள்ளே இருப்பவர்களைப் பற்றித்தான் இனிமேல் சொல்ல வேண்டும். அதைத் தென்காசிப் பட்டறை ஒன்றில் தெரிந்துகொண்டேன்.

என் தொந்தரவு தாங்காமல் தோழன் வண்டியை அங்கே விட்டான். பட்டறைப் பெரியவர் எஞ்சின் ஆறியிருக்கும்போதே வேலையைத் தொடங்கினார். வண்டியைக் கிளப்பச் சொல்லி, தடித்த ஈரச் சாக்கைப் பின்குழாயின் வாயில் ஒரே ஒரு கணம் அழுத்திப் பிடித்தார். போகிற வழி அடைபட்டதும், ஒளிந்திருந்த கசிவெல்லாம் 'புஸ் புஸ்' என்று காட்டிக்கொடுத்துவிட்டது. சைலன்சரில் தெரிந்த ஓட்டை ஒன்றுதான். தெரியாதவை இரண்டு. எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் மேனிஃபோல்டில் ஒரு போல்ட் முறிந்து, கேஸ்கட் எரிந்து போயிருந்தது. நடுவில் ஒரு ஜாயிண்ட் இற்றுப் போயிருந்தது. பிறகு அவர் எங்களைக் குனியச் சொல்லி, படுக்கைக்கு நேர் கீழே தரைத் தகட்டைக் காட்டினார். தண்ணீர்க் குழாய்க்காகத் தோழன் போட்ட துளையைச் சுற்றிக் கண் மை தீட்டியதுபோல் கரி படிந்திருந்தது.

"தம்பி, இதுக்கு மேலயா படுக்கிய?" என்று கேட்டார்.

"ஆமாம் அண்ணாச்சி."

"தலவலி வந்துச்சா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக நம் ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும் வாயு அது. முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, பிறகு தூக்கம். அதற்கு மேல் போனால் எழுந்திருப்பது இல்லை. இந்தக் காலத்துக் கார்களில் அந்த வாயுவின் பெரும்பகுதியை மாற்றிவிடும் கருவி பொருத்துகிறார்கள். 1971-ம் வருஷத்து வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நாங்கள் தூக்கக் கலக்கம் என்று நினைத்தது என்னவாக இருந்திருக்கும் என்பதை இப்போது எண்ணினாலும் எனக்கு உடம்பு குளிர்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே, சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். உள்ளே ஏ.சி. ஓடுவதற்காக இயக்கிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த இந்த வாயு உள்ளே நுழைந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. சத்தம் போடாமல் வந்து சத்தம் போடாமல் முடித்துவிட்டுப் போயிற்று.

சத்தம் போடும் ஒவ்வொரு வண்டியும் விஷம் கக்குகிறது என்று நான் சொல்லவில்லை. சைலன்சர் புதிதாகிவிட்டால் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே தூங்கலாம் என்றும் சொல்லவில்லை. அது ஒருபோதும் கூடாது. நான் சொல்வது இதுதான். பழைய நடமாடும் வீட்டில் சத்தம் கேட்டால், குனிந்து பார்க்கும் வரையில் அது எந்த ஓட்டையின் சத்தம் என்று யாருக்கும் தெரியாது. அதை அழகு என்று சொல்லிவிட்டால் பிறகு குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது. அந்தப் பெருமையின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வேலை இரண்டு நாளில் முடிந்தது. முறிந்த போல்ட்டைத் துளைத்து எடுத்துப் புதியது போட்டார் பெரியவர். கேஸ்கட்டை மாற்றினார். ஓட்டைக்கு ஒட்டுப் போட்டு வெல்டிங் வைத்தால் போதாதா என்று தோழன் கேட்டதற்கு, "இத்துப்போன வேட்டில ஒட்டு நிக்குமா தம்பி?" என்று சொல்லிவிட்டு, எஞ்சினின் அளவுக்குப் பொருத்தமான முழு சைலன்சரையே போட்டார். குழாய் நேராகத் தகட்டைத் தொட்டால் தகடே பறை மாதிரி அதிரும் என்று, ரப்பர் வைத்துத் தொங்கவிட்டார். பின்குழாயை வண்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டினார். தரைத் துளைகளையெல்லாம் அடைத்தார். மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம் ரூபாய். வர்ணத்துக்கும் திரைக்கும் ஆனதில் கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது இரவில் வாசுதேவநல்லூர் வழியாகவே வந்தோம். அந்தத் தெருவுக்குள் நாங்கள் போகவில்லை. போக என்ன வேலை? சாலையோடு கடந்தோம். ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை, கதவு திறக்கவில்லை, நாய்கூடக் குரைக்கவில்லை.

தோழனுக்கு மட்டும் இன்னும் மனக்குறை. "என்னடா இது! வண்டி ஓடுதா இல்லையான்னே தெரியலையே" என்று சலித்துக்கொண்டான்.

"மைல் கல்லைப் பார்த்துக்கோ. நகருதா இல்லையா?" என்றேன்.

நகர்ந்துகொண்டுதான் இருந்தது.